இளவரசரோடு போன சலவைக்காரி

ஒல்ஷானாவில் மரீனாவைத் தெரியாதவர்கள் கிடையாது. கோட்டைச் சலவைக்காரி. குளிர்காலத்தில் ஆற்றுப் பனியை உடைத்து, அந்தத் துளைக்குள் துணியை முக்கி, கட்டையால் அடித்து வெளுக்கிற ஏழு பெண்களில் அவள்தான் மூத்தவள். வாயும் அவளுக்குத்தான் பெரிது. கைகள் முழங்கை வரை சிவந்து வெடித்திருக்கும். அந்தக் கைகளைப் பார்க்கிறவர்கள், அவள் ஒரு காலத்தில் தெற்குப் புல்வெளியில் குதிரை முதுகில் வளர்ந்தவள் என்று நினைக்கமாட்டார்கள். பல நாட்கள் அவளுக்கே அது நினைவிருக்காது.

அவள் பிறந்தது கிப்சாக்குகளின் கூடாரத்தில். அங்கே அவள் பெயர் அய்சுலு. ஒன்பது வயதில், கிப்சாக் தலைவன் ஒருவன் தன் மகளை ஒல்ஷானாவின் பெரிய இளவரசருக்குக் கட்டிக்கொடுத்தபோது, சீரோடு சீராக, குதிரைகளுக்கும் கம்பளங்களுக்கும் நடுவே அவளையும் வண்டியேற்றி அனுப்பினார்கள். வந்த வாரமே தேவாலயத்தில் தலையில் தண்ணீர் ஊற்றி மரீனா என்று பெயர் வைத்துவிட்டார்கள். புது இளவரசிக்கு அந்த ஊரில் பேச்சுத் துணை அவள் ஒருத்திதான். இரண்டு வருடத்தில் தாவீது பிறந்தான். அவனை இடுப்பில் தூக்கிச் சுமந்தது, மூக்கைச் சிந்திவிட்டது, தேன் திருடித் தின்றபோது யாரும் பார்க்காமல் வாயைத் துடைத்துவிட்டது எல்லாம் மரீனாதான். அவனுக்கு ஆறு வயதானபோது தாய் காய்ச்சலில் போய்ச் சேர்ந்தாள். அதன்பிறகு ஒரு மாதம் அவன் மரீனாவின் பாவாடையை விடவில்லை. பிறகு ஆண்கள் வந்து அவனைக் குதிரையேற்றப் பழக்கக் கூட்டிப்போனார்கள்.

தாவீதுக்கு ஒரு குணம் உண்டு. நாலு பேர் முன்னால் தலைகுனிவு வந்தால் தாங்கமாட்டான். எட்டு வயதில் வீரர்கள் பார்க்கக் குதிரையிலிருந்து விழுந்தபோது இரண்டு நாள் சாப்பிடவில்லை. மூன்றாம் நாள் மரீனாதான் போய், "குதிரை சாப்பிட்டிருச்சு. நீ ஏன் பட்டினி கிடக்கிற?" என்று கேட்டு ரொட்டியைக் கையில் திணித்தாள். வளர்ந்து, தந்தை இறந்து, தானே இளவரசரான பிறகும் அந்தக் குணம் மாறவில்லை. மரீனா அதற்குள் புத்திலா என்கிற தச்சனைக் கட்டிக்கொண்டு, தோப்ராவா என்று ஒரு மகளைப் பெற்று, ஆற்றங்கரையோடு இருந்தாள்.

தாவீதுக்கு இருபத்திரண்டு வயதான குளிர்காலத்தில் தார்த்தாரியர்கள் வந்தார்கள். கிழக்கே பெரிய நகரங்கள் ஒவ்வொன்றாக எரிகின்றன என்ற செய்தி முதலில் வதந்தியாக வந்தது; பிறகு சறுக்குவண்டிகளில் மூட்டை முடிச்சோடு மனிதர்களாக வந்தது. சிற்றூர் இளவரசர்களுக்கெல்லாம் மேலான மகா இளவரசர் ஆள் கேட்டு அனுப்பினார். தாவீது அறுபது பேரோடு போனார். புத்திலாவும் கோடரியைத் தோளில் போட்டுக்கொண்டு போனான்.

மூன்று வாரம் கழித்து ஒன்பது பேர் திரும்பி வந்தார்கள். தாவீதின் இடது காலில் இரண்டு விரல்கள் பனியில் கருகியிருந்தன. வாசலில் கூடியிருந்த பெண்கள் ஒவ்வொரு முகமாகத் தேடினார்கள். தாவீது குதிரையைவிட்டு இறங்கி, நொண்டிக்கொண்டே மரீனாவின் முன்னால் வந்து நின்றார்.

"இல்ல, மரீனா," என்றார். அவள் அதற்குமேல் கேட்கவில்லை.

அன்றே தேவாலய முற்றத்தில் ஊரைக் கூட்டினார்கள். படைத்தலைவர் ராத்மீர், தாவீதின் தந்தை காலத்து ஆள், மதிலைக் காத்து நிற்கவேண்டும் என்றார்.

"சுவர் இருக்கு ராசா. ஆளுங்க இருக்காங்க. சாகுறதுன்னாலும் நம்ம வாசல்ல நின்னு சாவோம்."

"சுவர் மரம், ராத்மீர். அவங்க எப்படி எரிக்கிறாங்கன்னு நான் பாத்துட்டு வந்திருக்கேன். நாம சதுப்புக்குள்ள போறோம். எல்லாரும். ஒரு கோழியக்கூட விட்டுட்டு வரவேண்டாம்."

"மொசலு மாதிரி பொதருக்குள்ள ஒளியச் சொல்றீங்களா?"

தாவீதின் முகம் சிவந்து, பிறகு வெளுத்தது. அந்த முகத்தை மரீனாவுக்குத் தெரியும். குதிரையிலிருந்து விழுந்த நாளின் முகம்.

"ஆமா," என்றார். "மொசலு மாதிரிதான்."

ஊருக்கு வடக்கே இருந்த சதுப்பில் அடியில் ஊற்றுகள் உண்டு. எந்தக் குளிரிலும் அங்கே பனி முழுதாக இறுகாது. ஆள் நடந்தால் தாங்கும், அதுவும் வழி தெரிந்திருந்தால். குதிரை நடந்தால் உள்ளே போய்விடும். காட்டுப்பழம் பறிக்கப் போகிற பெண்களுக்குத்தான் வழி தெரியும். சுள்ளிகளைப் பரப்பி, மாடுகளை ஒவ்வொன்றாகக் கயிறு கட்டி நடத்தி, கிழவர்களை முதுகில் சுமந்து, ஒன்றரை நாளில் ஊர் முழுவதும் நடுவிலிருந்த மேட்டுக்குப் போய்ச் சேர்ந்தது. தாவீது கடைசி ஆளாக வந்தார். வந்த வழியின் சுள்ளிகளைத் தானே பொறுக்கி எடுத்துக்கொண்டு வந்தார்.

மறுநாள் தெற்கே புகை எழுந்தது. இரண்டு நாள் எழுந்துகொண்டே இருந்தது. மேட்டில் யாரும் அழவில்லை. பிள்ளைகளின் வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். குதிரைக்காரர்கள் சதுப்பின் ஓரம் வரை வந்தார்கள். ஒரு குதிரை பனியை உடைத்துக்கொண்டு உள்ளே போனது. அத்தோடு திரும்பிவிட்டார்கள். இருபத்து மூன்று நாட்கள் மரப்பட்டையை இடித்து மாவில் கலந்து ரொட்டி சுட்டுத் தின்றுகொண்டு அந்த மேட்டில் கிடந்தது ஒல்ஷானா. நாற்பத்தோரு பேர் குளிரில் செத்தார்கள். நானூறுக்கு மேற்பட்டவர்கள் தங்கள் கால்களால் நடந்து வெளியே வந்தார்கள். மரீனாவின் மகள் தோப்ராவா அவர்களில் ஒருத்தி. அவள் அப்போது நிறைமாதம்.

ஊரைத் திரும்பக் கட்டினார்கள். ஆனால் பக்கத்து ஊர் மதிலில் நின்று கடைசி மனிதன் வரை செத்திருந்தது. துறவிகள் அவர்களைப் பற்றி எழுதினார்கள், பாடகர்கள் பாடினார்கள். ஒல்ஷானாவைப் பற்றி யாரும் பாடவில்லை. ஏதோ ஒரு திருமண விருந்தில் வேறொரு இளவரசரின் ஆட்கள் தாவீதைக் காட்டி, "சேத்து ராசா வந்திருக்காரு, காலத் தொடச்சிட்டு வரச் சொல்லுங்க," என்று சிரித்ததாகக் கேள்வி. அந்தப் பெயர் காட்டுவழியாக அவருக்கு முன்பே வீடு வந்து சேர்ந்தது. அவர் அதைப் பற்றிப் பேசியதே இல்லை. விருந்துகளுக்குப் போவதை மட்டும் நிறுத்திவிட்டார்.

ஆறு வருடம் கழித்து அழைப்பு வந்தது. வோல்கா ஆற்றின் கீழ்க்கரையில் இருக்கும் தார்த்தாரியக் கானின் முகாமுக்கு வந்து, பணிந்து, ஆட்சி செய்யும் உரிமையைச் சாசனமாகப் பெற்றுக்கொண்டு போகவேண்டும். போன இளவரசர்கள் சிலர் திரும்பினார்கள். சிலர் திரும்பவில்லை. கானின் கூடாரத்துக்குப் போகுமுன் இரண்டு நெருப்புகளுக்கு நடுவே நடக்கவேண்டும், தெற்கே பார்த்து அவர்களுடைய செத்துப்போன பேரரசரின் உருவத்தைக் கும்பிடவேண்டும். மறுத்தால் கதை முடிந்தது என்று எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

மொழிபெயர்ப்பாளனாக வருவதாகச் சொன்ன வியாபாரிக்குக் கிளம்புகிற வாரத்தில் திடீரென்று கால் உடைந்துவிட்டது. உடைந்த காலோடு அவன் சந்தையில் நடமாடியதைப் பார்த்தவர்களும் உண்டு. ராத்மீர் ஆற்றங்கரைக்கு வந்தார்.

"மரீனா, உனக்கு உங்க ஊர்ப் பேச்சு இன்னும் வருமா?"

"எந்த ஊர்ப் பேச்சு?"

"குதிரைக்காரங்க பேச்சு. கான் முகாம்ல கிப்சாக் பாஷதான் செல்லுபடியாகுதாம்."

அவள் நனைந்த விரிப்பைப் பிழிந்துகொண்டே யோசித்தாள். "திட்டுறதுக்கு வரும். மத்ததுக்கு யோசிக்கணும்."

"போற வழியில யோசி. நாளன்னிக்குப் படகு கிளம்புது."

தோப்ராவா அழுதாள். "அம்மா, அங்க போனவங்க வர்றதில்லம்மா."

"இளவரசருங்களத்தான் வெட்டுவாங்க. துணி வெளுக்கிறவள வெட்டி என்ன பண்ணப் போறாங்க? அவங்களுக்கும் அழுக்குத் துணி இருக்கும்ல."

கிளம்பும் நாளில் தாவீதின் மனைவி, இளவரசி அகாபியா படகுத்துறையில் கல் போல நின்றாள். பாதிரியார் நிகோன் ஒரு சிறிய பெட்டியில் அர்ச்சிக்கப்பட்ட அப்பத்தை வைத்துத் தாவீதின் கையில் கொடுத்தார். சாகப் போகிறவர்கள் கடைசியாக உண்பது அது. கொடுக்கும்போது நிகோனின் கை நடுங்கியது. தாவீதின் கை நடுங்கவில்லை. அதுதான் மரீனாவுக்குப் பிடிக்கவில்லை.

ஆற்றோடு போகப் போக அவளுக்கு விஷயம் விளங்க ஆரம்பித்தது. முதல் வாரத்தில் தாவீது தன் மென்மயிர்க் கையுறையைத் துடுப்புக்காரன் ஒருவனுக்குக் கொடுத்தார். அடுத்து வெள்ளிப் பிடி போட்ட கத்தியை ராத்மீருக்குக் கொடுத்தார். இடுப்புப் பட்டையைக் கொடுத்தார், தொப்பியைக் கொடுத்தார். ஊரில் கோபக்காரரான மனிதர் படகில் யாரிடமும் ஒரு கடுஞ்சொல் பேசவில்லை.

மரீனா ராத்மீரைத் தனியாகப் பிடித்தாள். "இவர் வீட்டக் காலி பண்றவர் மாதிரி எல்லாத்தையும் எடுத்துக் குடுத்துட்டிருக்காரே. என்ன விஷயம்?"

ராத்மீர் தண்ணீரைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "நெருப்புக்கு நடுவுல நடக்கமாட்டேன், குனிஞ்சு கும்பிடமாட்டேன்னு சிலுவைய முத்தமிட்டு சொல்லியிருக்கார். அன்னிக்கு ஓடுனதுக்கு இது சரியாப் போச்சுன்னு சொல்றார்."

"நீங்க ஒண்ணும் சொல்லலையா?"

"நான் எந்த வாய வெச்சுச் சொல்றது? மொசலுன்னு சொன்னது இந்த வாய்தான."

கோடை நடுவில் முகாமுக்குப் போய்ச் சேர்ந்தார்கள். ஆற்றங்கரையிலிருந்து அடிவானம் வரை கூடாரங்கள். அவர்களுக்கு ஓர் ஓரமாக இடம் காட்டிவிட்டு, கூப்பிடும்போது வா என்று சொல்லிவிட்டார்கள். இரண்டு மாதம் யாரும் கூப்பிடவில்லை.

அந்த இரண்டு மாதமும் மரீனா குதிரைப் பால் கறக்கும் பெண்களோடு கழித்தாள். அவர்கள் கிப்சாக்குகள், தோற்றுப்போய் இப்போது புது எசமானர்களுக்குக் கறக்கிறார்கள். முதல்நாள் அவள் வாயைத் திறந்ததும் எல்லோரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். நாற்பது வயதுப் பெண், நரைத்த தலை, பேசுவதெல்லாம் ஒன்பது வயதுச் சிறுமியின் பேச்சு. 'தாங்கள்' என்பதற்கோ 'அடிபணிகிறேன்' என்பதற்கோ அவளிடம் வார்த்தை கிடையாது. ஆட்டுக்குட்டிக்கும் பொம்மைக்கும் பத்து வார்த்தைகள் இருந்தன.

"இந்தப் பேச்சோட கான் முன்னாடி போனீன்னா, உனக்கு மிட்டாய் குடுத்து அனுப்பிருவாங்க," என்றாள் ஒரு கிழவி.

அவர்களே அவளுக்குப் பெரியவர்கள் பேச்சைக் கற்றுக்கொடுத்தார்கள். அவள் பதிலுக்கு அவர்களுடைய துணியை வெளுத்தாள். கிழவி ஒருநாள் அவளை அய்சுலு என்று கூப்பிட்டாள். அந்தப் பெயரைக் கேட்டதும் மரீனா கொஞ்சநேரம் வாளியைப் பிடித்தபடியே நின்றுவிட்டாள்.

"இங்கயே இருந்துடேன்," என்றாள் கிழவி. "நீ எங்க பொண்ணு. அந்தக் காட்டுல வெயிலே கிடையாதாமே."

அவளுக்கு ஆசை வரவில்லை என்று சொல்லமுடியாது. அந்தக் காற்றில் புல்லும் குதிரை வியர்வையும் கலந்த வாசனை அவள் தாயின் வாசனை. இரண்டு நாள் அதையே நினைத்துக்கொண்டிருந்தாள். மூன்றாம் நாள், "எம்மக அங்க இருக்கா. பேரப்பிள்ளைங்க மூணு. அதுங்க இந்தப் பேச்சுல பேசுனா முழிக்கும்," என்று சொல்லிவிட்டாள். கிழவி மறுபடி கேட்கவில்லை.

இலையுதிர் காலத்தில் ஒரு காலை வேளை ஆள் வந்தான். மறுநாள் தோகான் என்கிற பெரிய தளபதியின் கூடாரத்துக்கு வரவேண்டும். சிற்றரசர்களைக் கானுக்குப் பதிலாக அவர்தான் பார்க்கிறார். அன்று நடுப்பகலில் தாவீது ஆற்றங்கரைக்கு வந்து, கையில் இருந்த வெள்ளைச் சட்டையை மரீனாவிடம் நீட்டினார். அகாபியா கழுத்தில் சிவப்பு நூல் வேலை செய்து கொடுத்த லினன் சட்டை.

"நாளைக்கு இதப் போட்டுக்கப் போறேன். நல்லா வெளுத்துக் குடு."

அவள் அதை வாங்கவில்லை. "வெளுக்கமாட்டேன்."

"என்னது?"

"முப்பது வருஷமா உங்க வீட்டுத் துணி வெளுக்கிறேன் ராசா. பொணத்துக்குப் போடுற சட்டை எதுன்னு எனக்குத் தெரியும். இத நான் தொடமாட்டேன்."

தாவீது சட்டையைக் கல்மேல் வைத்துவிட்டுத் திரும்பினார். அவள் எழுந்து வழியை மறித்தாள். இடுப்பில் தூக்கி வளர்த்த குழந்தையிடம் பேசுகிற பேச்சு அவளை அறியாமல் வந்துவிட்டது.

"நில்லு. எங்க போற? யாரு உன்னச் சாகச் சொன்னா?"

"உனக்குப் புரியாது மரீனா. நான் ஓடினவன். அறுபது பேரக் கூட்டிட்டுப் போயி ஒம்பது பேரோட வந்தேன். வந்ததும் ஊரத் தூக்கிட்டுச் சேத்துல ஒளிஞ்சேன். உன் புருஷன் அங்க கிடக்கான், நான் இங்க நிக்கிறேன். ஒரு தடவையாவது குனியாம நிக்கணும்."

"எம் புருஷன் பேரச் சொல்லாத." அவள் குரல் இறங்கியது. "அவன் போனது போனதுதான். நீ செத்தா அவன் எந்திருச்சு வரப்போறதில்ல. ஆனா எம்மக இருக்கா. அவ வயித்துல இருந்தது இன்னிக்கு ஓடியாடித் திரியுது. பக்கத்து ஊர்ல ஒரு அடுப்புகூட எரியல இன்னிக்கு வரைக்கும். பாட்டுதான் இருக்கு. நீ நாளைக்குச் செத்தா, அவங்க வேற ஒருத்தன அனுப்புவாங்க. அவன் ஓடத் தெரிஞ்சவனா இருப்பானா?"

தாவீது விலகி நடக்கப் பார்த்தார். அவள் விடவில்லை.

"நெருப்புக்கு நடுவுல நடக்கிறது பாவமா? கோடைத் திருநாளுக்கு வருஷா வருஷம் நெருப்பத் தாண்டிக் குதிக்கிறோமே. நிகோன் சாமி கத்தோ கத்துன்னு கத்துறாரு, அவரு போனதும் நீயும் குதிச்சவன்தான. உன் கால்சட்டைய நெருப்புல பொசுக்கிட்டு வந்தப்ப ஒட்டுப்போட்டவ நான்."

"கும்பிடணுமே. அந்த உருவத்த."

"தெக்கப் பாத்துக் குனியணும். அவ்வளவுதான். ஜெருசலேம் எந்தப் பக்கம் இருக்குன்னு நெனச்ச? அதுவும் தெக்கதான் இருக்கு. நீ மனசுக்குள்ள யாரக் கும்பிடுறன்னு எவன் எட்டிப் பாக்கப் போறான்?"

அவர் கல்மேல் கிடந்த சட்டையை எடுத்துச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு கூடாரத்துக்கு நடந்தார். அவர் என்ன முடிவெடுத்தார் என்று அவளுக்குத் தெரியவில்லை. அன்று அவளால் ஒரு வாய் சாப்பிடமுடியவில்லை.

காலையில் அவர் பழுப்பு நிறப் பயண அங்கியோடு வெளியே வந்தார். அதைப் பார்த்ததுமே அவளுக்குப் பாதி உயிர் திரும்பியது. மீதிப் பாதிக்குக் காத்திருக்கவேண்டியிருந்தது. இரண்டு நெருப்புகளுக்கு முன்னால் தாவீது நின்றுவிட்டார். அவருக்குப் பின்னால் மரீனா, அவளுக்குப் பின்னால் ராத்மீர். காவலர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ராத்மீரின் மூச்சு அவள் பிடரியில் பட்டது. தாவீது இடது காலைத் தூக்கி வைத்தார். இரண்டு விரல் இல்லாத கால். பிறகு வலது கால். நொண்டிக்கொண்டே நடந்து மறுபக்கம் போனார். தெற்கே திரும்பினார். குனிந்தார். உதடுகள் அசைந்தன.

தோகான் அகன்ற முகமும் சிறிய கண்களும் கொண்ட ஐம்பது வயது மனிதர். பக்கத்தில் கிண்ணத்தில் புளித்த குதிரைப்பால் இருந்தது. தாவீதுக்கும் ஒரு கிண்ணம் வந்தது. அவர் முகம் சுளிக்காமல் குடித்தார். நாக்கில் பட்டதும் புருவம் லேசாக உயர்ந்ததை மரீனா கவனித்தாள். அவருடைய அம்மா அதைத்தான் அவருக்கு முதன்முதலில் ஊட்டியிருந்தாள்.

"எந்த ஊர்?" என்று தோகான் கிப்சாக்கில் கேட்டார்.

"ஒல்ஷானா," என்றாள் மரீனா.

தோகான் கிண்ணத்தைக் கீழே வைத்தார். "சதுப்புக்குப் பக்கத்துல இருக்குமே. மரச்சுவர், வளைஞ்ச ஆறு. அங்க நான் வந்திருக்கேன்."

மரீனாவின் வீட்டை எரித்தவர் அவள் முன்னால் உட்கார்ந்திருந்தார். சொன்னதை அப்படியே தாவீதுக்குச் சொன்னாள்.

"மூணு நாள் பனியில குதிர ஓட்டிட்டு வந்தோம்," என்றார் தோகான். "தானியம் இருக்கும், வைக்கோல் இருக்கும்னு. வாசல் தெறந்தே கெடந்துச்சு. உள்ள ஒரு ஆள் இல்ல. ஒரு படி கோதும இல்ல. ஒரே ஒரு பூன இருந்துச்சு. அதுவும் எங்களப் பாத்து ஓடிருச்சு. கூரை வைக்கோலப் பிடுங்கி என் குதிரைங்களுக்குப் போட்டேன். பாதி செத்துப் போச்சு. அந்த வேலையப் பண்ணினது யாரு? கேளு."

மரீனா மொழிபெயர்த்தாள். ஒரு பொய் சொல்லலாமா என்று ஒரு கணம் நினைத்தாள். பழைய இளவரசர் என்று சொல்லலாம், செத்துப்போனார் என்று சொல்லலாம். அதற்குள் தாவீது நேராகத் தோகானைப் பார்த்து, "நான்தான்னு சொல்லு," என்றார். "நான்தான் ஓடினேன்னு சொல்லு."

அவள் சொன்னாள்.

தோகான் தாவீதை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு அவர் தோள்கள் குலுங்க ஆரம்பித்தன. சிரிக்கிறார் என்று புரிய அவளுக்குக் கொஞ்சநேரம் பிடித்தது.

"அந்த ஆள் என் கையில கெடச்சா தோல உரிக்கணும்னு ஒரு மாசம் சொல்லிட்டே இருந்தேன். பிறகு நெனச்சுப் பாத்தேன். உங்க இளவரசருங்க எல்லாம் மரப்பெட்டிக்குள்ள ஜனங்கள அடைச்சு வெச்சு, நாங்க வந்து கொளுத்துற வரைக்கும் உக்காந்திருந்தாங்க. எனக்கு அது புரிஞ்சதே இல்ல. புல்வெளியில பெரிய எதிரி வந்தா, கூடாரத்தையும் ஜனத்தையும் ஆட்டையும் கெளப்பிட்டுப் போறவனத்தான் தலைவன்னு சொல்லுவோம். இவனுக்கு யாரு இதச் சொல்லிக் குடுத்தது? இவன் தாய் யாரு?"

"கிப்சாக் தலைவரோட பொண்ணுங்க," என்றாள் மரீனா, தாவீதைக் கேட்காமலேயே.

"அதானே பாத்தேன்."

அவள் தாவீதின் பக்கம் திரும்பி, ஒரு சொல் கூட்டாமல், ஒரு சொல் குறைக்காமல் எல்லாவற்றையும் சொன்னாள். சிரிப்பை மட்டும் அவள் மொழிபெயர்க்கவில்லை. அவர் பிடுங்கிப்போட்டது அவள் வீட்டுக் கூரை. ஆனால் சொல்லிக்கொண்டே வரும்போது தாவீதின் முகத்தைப் பார்த்தாள். ஆறு வருடமாக இறுகிக்கிடந்த ஏதோ ஒன்று அந்த முகத்தில் அவிழ்ந்துகொண்டிருந்தது. அதை அவிழ்க்க எதிரியின் வாய்ச்சொல் தேவைப்பட்டதே என்று அவளுக்குக் கோபமாகவும் இருந்தது. கோபத்துக்குக் கீழே, சூடான தண்ணீரில் காலை வைத்ததுபோல நிம்மதியாகவும் இருந்தது.

முத்திரையிட்ட சாசனம் கிடைத்தது. வரி கட்டவேண்டும், கூப்பிட்டால் வரவேண்டும். ஊர் அவருடையது, உயிர் அவருடையது. வெளியே வந்து நாற்பது அடி நடந்ததும் தாவீது புல்மேல் உட்கார்ந்து தண்ணீர் கேட்டார். ராத்மீர் தோல்குடுவையை நீட்டிக்கொண்டே முணுமுணுத்தார்.

"அந்தப் பூன எங்க வீட்டுப் பூன ராசா. மூணு வீடு தேடியும் கெடைக்கல, விட்டுட்டு வந்தேன்."

தாவீது குடித்த தண்ணீர் மூக்கில் ஏறிவிட்டது. இருமினார், சிரித்தார், அழுதார். எது எங்கே முடிந்து எது தொடங்கியது என்று யாருக்கும் தெரியவில்லை. மரீனா பழைய வழக்கப்படி முன்றானைத் துணியால் அவர் முகத்தைத் துடைத்துவிட்டாள். அவரும் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

ஆறு உறைந்துவிட்டதால் அந்தக் குளிர்காலத்தை முகாமிலேயே கழிக்க நேர்ந்தது. வசந்தத்தில் கிளம்பி, எதிர்நீரோட்டத்தில் படகை இழுத்து, பதினாலு மாதம் கழித்து ஒரு நண்பகலில் ஒல்ஷானாவின் வளைவைத் திரும்பினார்கள். துறையில் ஒருவரும் இல்லை. கோட்டைக்குள் மணி மட்டும் மெதுவாக அடித்துக்கொண்டிருந்தது. வாசற்காவலன்கூட இல்லை. எரிந்த ஊர் ஞாபகம் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் வந்திருக்கவேண்டும், ஓடினார்கள்.

ஊர் முழுவதும் இளவரசரின் முற்றத்தில் நீண்ட மேசைகளில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தது. தேன் விட்ட கோதுமைக் கஞ்சி, அடை, மீன். இறந்தவர்களுக்கு நாற்பதாம் நாள் போடுகிற சாப்பாடு. நாற்பது நாளுக்கு முன் ஓர் உப்பு வியாபாரி வந்து, முகாமில் ஓர் இளவரசரை வெட்டிவிட்டார்கள் என்று சொல்லியிருக்கிறான். யாரை என்று அவனுக்குச் சரியாகத் தெரியாது. நொண்டியா என்று கேட்டிருக்கிறார்கள். இருக்கலாம் என்றிருக்கிறான்.

மேசைத் தலைப்பில் கறுப்பு உடையில் அகாபியா. முதலில் பார்த்தவள் அவள்தான். அவள் கத்தவில்லை. எழுந்து, மேசையைச் சுற்றிக்கொண்டு வந்து, தாவீதின் மார்பில் இரண்டு முஷ்டிகளாலும் குத்தினாள்.

"ஒரு ஆள அனுப்பக்கூடாதா? ஒரே ஒரு ஆள?"

"ஆறு உறைஞ்சிருச்சு, அகாபியா."

"கறுப்புத் துணி வாங்கித் தைக்க வெச்சுட்டீங்களே," என்றாள். பிறகுதான் அவர் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள்.

தாவீது பசியோடு இருந்தார். தன் பெயருக்குப் போட்ட காலி இடத்தில், யாரும் உட்காராமல் விட்டிருந்த அந்த நாற்காலியில் உட்கார்ந்து, தன் ஆத்ம சாந்திக்கு வைத்த கஞ்சியை வழித்துச் சாப்பிட்டார். "தேன் கொஞ்சம் கம்மி," என்றார். முற்றம் முழுக்க வெடித்த சிரிப்பில் மேசைக்கு அடியில் இருந்த நாய்கள் பயந்து ஓடின. பாதிரியார் நிகோன் மட்டும் சங்கடத்தோடு தேவாலயத்துக்குள் போனார். இறந்தவர் பட்டியலில் அவர் கையாலேயே எழுதிய பெயரைக் கத்தியால் சுரண்டப் போய், தோல் ஏட்டில் கட்டைவிரல் நுழைகிற அளவுக்கு ஓட்டை போட்டுவிட்டார். அந்த ஓட்டை பின்னால் வெகுகாலம் இருந்தது. தாவீது அதற்குப்பின் இன்னும் பதினெட்டு வருடம் ஆண்டார். முகாமுக்கு இரண்டு முறை போனார், இரண்டு முறையும் மரீனாதான் கூடப் போனாள். 'சேத்து ராசா' என்று யாராவது சொன்னால், ஆமாம் என்று தலையாட்டப் பழகிக்கொண்டார்.

தோப்ராவா கூட்டத்தில் அம்மாவைத் தேடிக் கண்டுபிடித்தாள். மரீனா நான்காவது பேரக்குழந்தையை அப்போதுதான் முதல்முறையாகப் பார்த்தாள். தூக்கிக்கொண்டாள், கொஞ்சுவதற்கு வாயைத் திறந்தபோது ஆட்டுக்குட்டிக்கான கிப்சாக் வார்த்தைகள்தான் வரிசையாக வந்தன. குழந்தை சிரித்தது.

சலவைத்துறைப் பெண்கள் அவளைக் குளியலறைக்குக் கூட்டிப்போய், கல் சூடாக்கி, நீராவி எழுப்பி, பிர்ச் மர இலைக்கட்டால் முதுகில் தட்டினார்கள். பதினாலு மாத அழுக்கு. ஆறு பேரும் ஒரே நேரத்தில் கேள்வி கேட்டார்கள்.

"கான் எப்படி இருந்தாருக்கா?"

"கானப் பாக்கவே இல்லையே."

"அப்ப யாரத்தான் பாத்த?"

"நம்ம வீட்டக் கொளுத்துனவனப் பாத்தேன். மனுஷன்தான்." அவள் கண்ணை மூடிக்கொண்டாள். "மீதிய நாளைக்குச் சொல்றேன்."

அடுத்த கேள்விக்குப் பதில் வரவில்லை. பலகைமேல் குப்புறப் படுத்தபடியே அவள் தூங்கிவிட்டிருந்தாள். எழுப்பலாமா என்று ஒருத்தி கேட்டாள். வேண்டாம் என்று தோப்ராவா ஒரு காய்ந்த விரிப்பை எடுத்து அம்மாவின்மேல் போர்த்திவிட்டு, கதவைச் சாத்தினாள்.